குருநாதனின் கண்ணாடி

காலை 7.10. பூண்டி மலைக்கிராமம். தோட்டத்திலிருந்து வீடு திரும்பிய வேலுத்தாய், கணவர் சேனாதிபதி கட்டிலில் நினைவில்லாமல் கிடப்பதைப் பார்த்தார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சர்க்கரை நோயாளியோடு இருபது வருடம் வாழ்ந்தவர் என்பதால் வேலுத்தாய் கூச்சல் போடவில்லை. கணவரின் கன்னத்தின் உட்புறம் ஜீனியைத் தடவிவிட்டு, ஜீப்புக்கு ஆள் அனுப்பினார்.

9.30. கொடைக்கானல் மருத்துவமனை. இன்ஸ்பெக்டர் மணிமேகலை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டாக்டர் போலீசுக்கு அனுப்பிய குறிப்பைப் படித்தார். இன்சுலின் அளவு மீறியிருக்கிறது. உயிர் இருக்கிறது, நினைவு இல்லை.

மணிமேகலைக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே தூரத்தில் இருப்பது தெரியக் கண்ணாடி வேண்டும். மூன்று வருடமாக அதே கண்ணாடி வழியே காகிதத்தைப் பார்த்தால் எழுத்து கலங்கியது. இரண்டுக்கும் சேர்த்து வாங்கிய புதுக் கண்ணாடியைப் போட்ட அன்றே ஸ்டேஷன் படியில் தடுக்கி விழுந்தார். அது இப்போது மேஜை டிராயரில் கிடக்கிறது.

"ஊசி யாரும்மா போடுறது?" என்று வேலுத்தாயைக் கேட்டார்.

"இவருக்குக் கை நடுங்கும்ங்க. கொழுந்தன் குருநாதன்தான் ரெண்டு வருசமாப் போடுறாரு."

"இன்னைக்கு ஏதாச்சும் சோலி இருந்துச்சா?"

"பதினோரு மணிக்குப் பத்திர ஆபீஸ் போறதா இருந்தாருங்க. ஊத்து இருக்குற மேட்டு நெலத்த ஊர்க் குடிதண்ணிக்கு எழுதிக் குடுக்க."

11.40. பூண்டி. ஐம்பத்திரண்டு வயது குருநாதன் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றார்.

"எம்மேலதாங்க தப்பு. நேத்து கண்ணாடி ஒடஞ்சு போச்சு. காலைல சிரிஞ்சுல உள்ள பொடிக் கோடு தெரியல. பத்து யூனிட்டுக்கு நாப்பது ஏத்திட்டேங்க."

மணிமேகலை அந்தக் கண்ணாடியை வாங்கினார். ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. முழுசாக இருந்த பக்கத்தைத் தன் நோட்டின் மேல் பிடித்தார். எழுத்துகள் சிறுத்துத் தெரிந்தன.

"ரோட்டுல வர்றது யாருங்க?"

"ஆளு வர்றது தெரியுது. மொகம் தெரியலைங்க."

அது பொய்யில்லை. மணிமேகலை பொடி எழுத்தில் வாக்குமூலம் எழுதி நீட்டினார்.

"சரியா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

குருநாதன் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். விரல் இரண்டாவது வரியில் நின்றது.

"எங்கப்பா பேரு மயில்சாமிங்க. மயில்வாகனம்னு இருக்கு."

"வேணும்னேதான் தப்பா எழுதினேன்" என்றார் மணிமேகலை. "அண்ணனுக்கு நீங்க ஊசிய ஏத்துன மாதிரி."

குருநாதன் கையிலிருந்த காகிதம் தாழ்ந்தது.

"நாப்பது வயசு தாண்டினா கிட்டத்துல இருக்குறது எல்லாருக்கும் மங்கும். மத்தவங்க படிக்கக் கண்ணாடி போடுவாங்க. தூரம் தெரியாத நம்மள மாதிரி ஆளுங்க கழட்டிட்டுப் படிப்போம். உங்க கண்ணாடி எழுத்தச் சின்னதாத்தான் காட்டுது. அது தூரத்துக்குப் போடுறது. அது இல்லாமதான் சிரிஞ்சுக் கோடு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

குருநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஊத்துத் தண்ணிலதாங்க என் கேரட்டு விளையுது. ஊருக்குக் குழாய் போட்டு எறக்கிட்டா நான் என்ன செய்ய? எவ்வளவோ சொன்னேன், கேக்கல. ஒரு நாள் மயங்கிக் கெடந்தா கையெழுத்து நின்னு போகும்னு…"

"நாலு மடங்கு ஏத்தினா ஒரு நாளோட போகுமா?"



மறுநாள் மதியம் சேனாதிபதி கண் விழித்தார். ஊசி அளவு கூடிப்போனதை மட்டும் வேலுத்தாய் அவரிடம் சொல்லியிருந்தார். கட்டிலருகே காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"தம்பி மேல கேஸு போடாதீங்கம்மா. கண்ணாடி ஒடஞ்சு போச்சுன்னு சொன்னான். பாவம், கண்ணு தெரியாம செஞ்சுட்டான்."

மணிமேகலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டு முடித்த சேனாதிபதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போர்வைக்குள் தோள் குலுங்கியது.

வேலுத்தாய் அவர் முதுகில் கை வைத்தபடி அப்படியே நின்றார்.