தானாக வந்த பாஸ்வேர்டு

குளிர் அறையின் கதவு திறந்தபோது முதலாளி உட்கார்ந்தபடியே விறைத்திருந்தார்!

நகங்களில் ரத்தம். கதவைப் பிறாண்டியிருக்கிறார்...

"ஐயோ... என்னங்க!"

மனைவியின் அலறலில் மீன் கிடங்கே அதிர்ந்தது.

"உள்ளேயிருந்து திறக்க முடியாதா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சிருக்கு சார். பூட்டறது, திறக்கறது எல்லாம் கம்ப்யூட்டர்லதான்," என்றாள், அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருந்த புரோகிராமர். "நேத்து சாயங்காலம் மேனேஜர் பேர்ல பூட்டியிருக்காங்க."

மேனேஜர்... செத்தவரின் மச்சான். அலறியவளின் கூடப் பிறந்த தம்பி!

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" அவன் சீறினான். "என் கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு சேவ் ஆகியிருக்கு. பூட்டற பக்கத்தைத் திறந்தா தானா வந்து உட்கார்ந்துக்கும். போறவன் வர்றவன் எவன் வேணா பூட்டியிருப்பான்!"

"உன்னை வேலையை விட்டுத் துரத்தறேன்னு நேத்துதானேடா சொன்னார்?" அக்கா வெடித்தாள்.

"வாயை மூடுக்கா!"

இன்ஸ்பெக்டர் புரோகிராமரைத் தனியே அழைத்துப் போனார். சற்று நேரம் கழித்துத் திரும்பினார்.

"மேனேஜர் சார், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறங்க."

திறந்தான்.

பாஸ்வேர்டு கட்டம் காலி!

"அது தானா வர்றதைப் போன வாரமே நிறுத்திட்டேன்," என்றாள் புரோகிராமர். "நிரப்பாதேன்னு சொன்னா ப்ரவுஸர் மதிக்காது. இது புது பாஸ்வேர்டு வைக்கிற கட்டம்னு அதுகிட்ட பொய் சொல்லணும். அப்பதான் பழசைக் கொண்டு வந்து கொட்டாது."

இன்ஸ்பெக்டர் அவனை நெருங்கினார்.

"அப்படின்னா நேத்து பூட்டினவன் ஒவ்வொரு எழுத்தா கையால அடிச்சிருக்கான். பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க!"

அக்கா பாய்ந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"பாவி! நிதானமா உட்கார்ந்து டைப் பண்ணியாடா என் புருஷனைக் கொன்னே?"

"நான் எங்கேக்கா டைப் பண்ணினேன்? புளுகறாங்க! நேத்துகூட அதுவாத்தான் வந்துச்சு... நான் வெறும் பட்டனைத்தான்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்காவின் கைகள் சட்டையிலிருந்து நழுவின. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

க்ளிக்!

மணிக்கட்டில் விலங்கு.

"போன வாரம்னு பொய் சொல்ல வெச்சுட்டீங்களே சார்," புரோகிராமர் முணுமுணுத்தாள். "இப்பதானே... நீங்க கேட்டப்புறம்தானே மாத்தினேன்!"

மச்சான் திரும்பி அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

"நான் ப்ரவுஸரை மட்டும்தாம்மா நிறுத்தச் சொன்னேன்... காலிக் கட்டத்தைப் பார்த்ததும் மச்சான் தானாவே வாயால நிரப்பிட்டார்!"