கறுக்காத காப்பு

பீரோவின் அடித்தட்டில் பழைய சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த வெள்ளிக் காப்பு கறுத்திருக்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவள் நகைக்கடையில் வெள்ளி துடைக்கும் மேசையில் உட்காருகிறவள், இவளுக்குப் பொறுக்கவில்லை. அது புருஷனின் மூத்தாளுடைய காப்பு. அவள் செத்து வருஷங்கள் ஆகின்றன. யார் கையும் படாமல் கிடந்த வெள்ளி இந்நேரம் அட்டைக்கரியாய் இருந்திருக்க வேண்டும்.

இளையாளாக வந்த இவளுக்கும் கல்யாணத்தின்போது அவர் அதே அச்சில் ஒரு காப்பு வாங்கிப் போட்டார். அதே அச்சு! வேறு வடிவமே கிடைக்கவில்லையா அந்த மனுஷனுக்கு? கழற்றாமல் போட்டிருந்தும் அது கறுத்துக் கறுத்துப் போனது.

"ஊர் நகையெல்லாம் பளபளன்னு ஆக்கிக் குடுக்கற, உன் கை மட்டும் கரிச்சட்டியில விட்டெடுத்த மாதிரி இருக்கேடி," என்று பக்கத்து மேசைக்காரி கிண்டலடிப்பாள். இவளும் கூடச் சிரித்து வைப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் ஒப்பிக்கிற பாட்டு ஒன்று இவளுக்கு உண்டு. "பூட்டி வச்சா கறுக்கும்மா. தினம் போட்டுக்கோங்க, உடம்புல உரசி உரசியே வெள்ளையா இருக்கும். கழட்டினா ஈரம் போகத் துடைச்சு, காத்து புகாத கவர்ல ஒரு சாக்பீஸோட போடுங்க. ரப்பர் பேண்டும் முட்டையும் மட்டும் கிட்டவே கூடாது." பிறகு மெத்தென்ற துணியால் தேய்த்துக் காட்டுவாள். கறுப்பு துணிக்கு வந்துவிடும், வெள்ளி பிழைத்துக்கொள்ளும்.

அப்படியானால் அவர்தான் திருட்டுத்தனமாக எடுத்துத் துடைக்கிறார். இவளைத் தொட்டு மாசக்கணக்காகிறது, செத்தவளுடைய காப்பைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போனதும், ஊருக்கெல்லாம் எதைச் செய்யாதே என்பாளோ அதைச் செய்தாள். முட்டையை வேகவைத்து, மஞ்சள் கருவைச் சூடாறுமுன் ஒரு தகர டப்பாவில் நசுக்கி, ரப்பர் பேண்டுகளை அள்ளிப் போட்டு, நடுவில் காப்பை அமுக்கி டப்பாவை இறுக மூடினாள். சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கறுத்துப் போடி," என்றாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்த அவர் உள்ளறையில் படுத்துத் தூங்கிப்போனார். கரண்ட் போயிற்று. ஃப்ரிட்ஜின் முனகல் நின்றதும், குழாய் சொட்டுவதும் ஜன்னல் கம்பியில் நீர் வழிவதும் இவளுடைய மூச்சும் தனித்தனியாகக் கேட்டன. அவற்றுக்கு நடுவே, பூட்டிய அலமாரிக்குள் தகரத்தில் வெள்ளி படும் சின்னச் சத்தம். டிங்.

திறந்தாள். டப்பாவிலிருந்து அழுகல் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. காப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டாள். சூடு. இப்போதுதான் கையிலிருந்து கழற்றிய சூடு. உள்விளிம்பில் வியர்வை ஈரம்.

யாரும் துடைக்கவில்லை. மூத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிடி நழுவிற்று. காப்பு விழுந்தது. தரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

"ஏங்க..." என்று கூப்பிட்டாள் இவள்.

உள்ளறையிலிருந்து தூக்கக் குரல் வந்தது. "ஏன் கையை எடுத்துட்ட? இன்னும் கொஞ்சம் தலையைக் கோதிவிடு."

இவள் சமையலறையில் நிற்கிறாள். உள்ளே, கட்டில் சட்டத்தில், டிங். அவர் சிரித்தார். இவளிடம் ஒருநாளும் சிரித்திராத சிரிப்பு.

பயத்தை முந்திக்கொண்டு பொறாமைதான் இவளை ஓடவைத்தது. உள்ளறை வாசலில் நின்றாள். அவர் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் ஒரு கை. வெள்ளைக் காப்பு. அதற்கு மேல் இருட்டு.

கத்தினாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் கண் திறந்து நேராக இவளைப் பார்த்தார். இவளைத் தாண்டிப் பார்த்தார்.

"காத்து வருதும்மா. கதவைச் சாத்து," என்றார், அந்தக் கைக்காரியிடம்.

கதவு சாத்திக்கொண்டது. காற்றுப் புகாதபடி.

தன் காப்பைப் பார்த்தாள். அட்டைக்கரி. அதற்குக் கீழே மணிக்கட்டும் கறுப்பு. விரல்களும். முந்தானையைப் பிடித்துத் தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

துணி வெள்ளையாகவே இருந்தது. கறுப்பு முழங்கையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.