முடிச்சனின் ஏழு மதகுகள்

ஞாயிறு காலை பத்து மணிக்கு நெய்தலூரின் எல்லாச் சுவர்த்திரைகளிலும் உயிரோவிய நாயகன் வான்மாறன் பறந்து வந்தான். அவனுடைய தொடருக்கு யாரும் வசனம் எழுதுவதில்லை. நாயகனையும் வில்லனையும் உருவாக்கிக் கதைப்பொறி என்ற செயற்கை அறிவிடம் ஒப்படைத்துவிட்டால், அவர்களே யோசித்து, பேசி, நேரலையில் வாழ்வார்கள். செத்தால் செத்ததுதான், இயக்குநரால்கூட மீட்க முடியாது.

இயக்குநர் தில்லைநாயகி அன்று புதிய வில்லனை இறக்கியிருந்தாள். பெயர் முடிச்சன். புதிர் போடுவதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. அடித்தே ஜெயித்துப் பழகிய வான்மாறனை ஐந்தே நிமிடத்தில், அடித்தாலும் உடையாத கண்ணாடிக் கூண்டில் அடைத்தான். உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கியது.

"ஏழு மதகு இருக்கு. எந்த வரிசையில திறந்தா ஒரு வீட்டுக்குள்ளயும் வெள்ளம் புகாது? சரியாச் சொன்னா கூண்டு திறக்கும்."

திரையில் விரிந்த வரைபடத்தைத் தில்லைநாயகி உற்றுப் பார்த்தாள். அது நெய்தலூரேதான். நல்ல புதிராகத் தேடிய முடிச்சன் பொது ஆவணங்களைத் துழாவி, மாநகராட்சி பதினொரு ஆண்டுகளாகத் தீர்க்காத மதகுச் சிக்கலை எடுத்து வந்திருந்தான்.

தண்ணீர் மார்பைத் தொட்டபோது வான்மாறன் திரைக்கு வெளியே பார்த்தான். "எனக்கு அடிக்க மட்டுந்தான் தெரியும். உங்க ஊருதானே இது? யாராச்சும் சொல்லுங்க."

ஊரே எழுந்து உட்கார்ந்தது. சுவர்த்திரைகள் வழியே ஆயிரக்கணக்கில் விடைகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் முடிச்சன் வரைபடத்தில் ஓட்டிப் பார்த்து உதறினான். தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது. அப்போது மீன் விற்கும் பிலோமினாவின் குரல் கேட்டது.

"கடல் ஏறுற நேரத்துல ஏழாவதைத் திறந்தா தண்ணி உள்ளதான் வரும். கடல் இறங்கினப்புறம், கடைசியா அதைத் திறங்க."

அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் மீதி ஆறையும் வரிசைப்படுத்தினார்கள். வரைபடத்தில் வெள்ளம் ஒரு வாசலையும் தொடாமல் கடலுக்குள் இறங்கியது. கூண்டு திறந்தது. தோற்ற முடிச்சன்தான் முதலில் கைதட்டினான். தெருக்களில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் பெருமழை கொட்டியது. மாநகராட்சி அதே வரிசையில் மதகுகளைத் திறந்தது. ஒரு வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகவில்லை. பிலோமினாவுக்கு ஊர்க்காரர்கள் மாலை போட்டார்கள்.

அந்த வாரமே தில்லைநாயகிக்கு மாநகராட்சி ஆணையரிடமிருந்து கடிதம் வந்தது. நன்றி சொல்லிவிட்டு அவர் எழுதியிருந்தார்:

"போன ஆண்டு வெள்ளத்தில் பதினேழு பேர் இறந்த பிறகு, இதே மதகுகளுக்கு யோசனை கேட்டு மக்களைக் கூட்டத்துக்கு அழைத்தோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். இப்போது குடிநீர்ச் சிக்கல் முற்றியிருக்கிறது. தயவுசெய்து வான்மாறனை இன்னொரு முறை சாகும் நிலையில் நிறுத்த முடியுமா?"