வளைவில் இருந்த ஆயில் பாட்டில்

ஓட்டுநர்கள் பொய் சொல்வார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தொழில் அனுபவமாகச் சொல்கிறேன். ஆயில் மாற்றினாயா என்று கேட்டால் போன வாரம்தான் மாற்றினேன் என்பான்; திறந்து பார்த்தால் தார் மாதிரி ஏதோ வழியும். அதனால் என் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் முதலில் வண்டியிடம்தான் விசாரிப்பேன். ஆளிடம் அப்புறம்.

உலிசெஸின் மினி பஸ் வந்த காலையில் கடலிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் மேட்டின் மேல் வரைக்கும் ஏறியிருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதை லேசாக்கும் ஆயில் பம்ப் முனகும் சத்தம். ஆயில் வற்றிப்போனால் பம்ப் அப்படித்தான் முனகும், வயிறு காய்ந்த நாய் மாதிரி. பிறகு மஞ்சளாக இரண்டு விளக்குகள் தெரிந்தன, அவற்றின் பின்னால் வண்டி தெரிந்தது.

கூடவே அவன் மனைவி யஸ்னாவும் இறங்கினாள். நிறைமாதம். முதுகில் கை வைத்துக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்கள் மேட்டில் சுரங்கம் மூடியபிறகு மிஞ்சியது கொஞ்சம் குடும்பங்களும் இந்த ஒரே பஸ்ஸும்தான். ஆஸ்பத்திரி கீழே துறைமுகத்தில். நடுவே அந்த இறக்கம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. ஸ்டீயரிங் இல்லாமல் அதில் இறங்குவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

"இவனை நம்பி நான் பிள்ளை பெத்துக்கணும், அண்ணே," என்றாள் யஸ்னா. "வண்டிய நீங்க பாருங்க. இவன அப்புறம் நான் பாத்துக்கறேன்."

லீக்கைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பெட்ரோல் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். அடியில் அட்டை விரித்தேன். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னேன். சொட்டியது. பம்புக்கு ஆயில் திரும்பி வரும் ஹோஸில், கிளாம்பு கடித்த இடத்தில் வெடிப்பு. புது ஹோஸ், புது கிளாம்பு போட்டேன். சிவப்பு ஸ்டீயரிங் ஆயிலை பம்பின் டப்பாவில் கோடு வரை நிரப்பினேன். அட்டை காய்ந்தே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தும் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன்.

மறுநாள் மதியம் அதே முனகல் வந்தது. டப்பா காலி.

எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட கிளாம்பு அது. தொட்டுப் பார்த்தேன், சுற்றிலும் தூசிகூட நனையவில்லை. அப்போது என் சந்தேகம் உலிசெஸின் தம்பி எலியாசர் மேல் போனது. பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவன். அண்ணன் பெயரில் இருக்கும் பஸ் தட உரிமம் தன் பெயருக்கு வரவேண்டும் என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவன். ஒரு சிரிஞ்சு போதும், டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சிவிடலாம், ஒரு சொட்டு வெளியே விழாது. அதை அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவன் கத்தவில்லை. என் அண்ணிக்கு இந்த வாரம் பிரசவம் மேஸ்திரி என்று மட்டும் சொல்லிவிட்டு, தான் இனி பஸ்ஸில் ஏறப்போவதில்லை என்று போய்விட்டான். அந்த ரோஷத்தையும் நான் நம்பவில்லை.

ஆயிலை மறுபடி நிரப்பினேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அதன் மேல் என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு டால்கம் பவுடர். இன்ஜின், ஹோஸ், பம்ப் எல்லாவற்றின் மேலும் குழந்தைக்குப் பூசுவதுபோல் பவுடர் தூவினேன். ஊசிமுனை அளவு ஒழுகினாலும் வெள்ளையில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். பயணிகளை ஏற்றாமல், நானும் உலிசெஸும் மட்டும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் போனோம்.

பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. பகல்தான், ஆனால் சாலை பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் கொஞ்சம்தான் இருந்தது. ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. நடு இறக்கத்தில், நொல்பெர்த்தோவின் வளைவுக்கு வந்தோம்.

அங்கே அவனுடைய அனிமித்தா இருக்கிறது. சாலையில் செத்தவர்களுக்கு, செத்த இடத்திலேயே நாங்கள் கட்டி வைக்கும் பொம்மை வீடு. மற்ற அனிமித்தாக்களில் பூவும் தண்ணீர் பாட்டிலும் வைப்பார்கள். நொல்பெர்த்தோ லாரி ஓட்டியவன். இந்த வளைவில் ஸ்டீயரிங் ஆயில் வற்றி, சக்கரம் திரும்பாமல் போய்ச் சேர்ந்தான். அதனால் அவனுக்கு ஓட்டுநர்கள் ஸ்டீயரிங் ஆயில் வைக்கிறார்கள், அங்கேயாவது அவனுக்குக் குறையக் கூடாதென்று. கடந்து போகிறவன் எவனாக இருந்தாலும் ஹாரன் அடிக்காமல் போகமாட்டான்.

உலிசெஸ் ஹாரன் அடிக்கவில்லை.

நான் அவனைப் பார்த்தேன். அவன் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனே பம்ப் முனகத் தொடங்கியது.

வண்டியைப் பாறைப் பக்கம் நிறுத்தச் சொல்லி பானட்டைத் திறந்தேன். டேப் அப்படியே இருந்தது, என் கையெழுத்தும் அப்படியே இருந்தது. பவுடர் எங்கும் வெள்ளை, ஒரு கோடுகூட இல்லை. டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தேன். டப்பா வழித்துத் துடைத்ததுபோல் காலியாக இருந்தது.

அப்புறம்தான் ஹோஸின் மேல் இருந்ததைக் கவனித்தேன். பவுடரில் விரல் தடம். நான்கு விரல்கள், பிடித்த மாதிரி.

மேலிருந்து பிடித்தவை அல்ல. கீழேயிருந்து.

கீழே பம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் ஸ்பானரே நுழையாது.

"உலிசெஸ்," என்றேன். "என்னடா பண்ணித் தொலைச்ச?"

அவன் அனிமித்தா பக்கம் கையைக் காட்டினான். நான் போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்த பாட்டில்களுக்கு நடுவில், முன்வரிசையில், ஒரு கண்ணாடி பாட்டில். கழுத்துவரை சிவப்பு ஆயில். வெளியே வழிந்து கல்லை நனைத்திருந்தது. எரிந்த எண்ணெய் வாசனை வந்தது. குளிரில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பாட்டிலைத் தொட்டேன்.

சூடாக இருந்தது. இப்போதுதான் இன்ஜினிலிருந்து இறக்கியதுபோல.

கையை இழுத்துக்கொண்டேன். பயந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்து உலிசெஸ் சொன்னான். போன வாரம் யஸ்னாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அந்த வெடித்த ஹோஸ் இந்த வளைவுக்குக் கீழே ஒழுகத் தொடங்கிவிட்டதாம். ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பக்கத்தில் இருந்தது இந்தப் பாட்டில்தான். எடுத்து ஊற்றினான். காலி பாட்டிலை, யாருக்கும் தெரியாமல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

"அவ மயக்கமா கெடந்தா, மேஸ்திரி. வேற வழி தெரியல."

"திருப்பி வச்சியா?"

"வச்சேன். அடுத்த நாளே புது ஆயில் டப்பா ஒண்ணு வாங்கி வச்சேன். அது இன்னும் அங்கயேதான் இருக்கு, பாருங்க. சீல் கூடப் பிரியல. அவனுக்கு அது வேணாமாம்."

நான் மெக்கானிக். ஆவியைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆயிலைப் பற்றித் தெரியும். ஒரு பாட்டில் ஆயிலை வண்டியில் ஊற்றிவிட்டால் அது தனியாக நிற்பதில்லை. நான் எத்தனை முறை புதிதாக நிரப்பினாலும், பம்பிலும் ஸ்டீயரிங் பாக்ஸிலும் தங்கியிருக்கும் அவனுடையது அதில் கலந்துவிடுகிறது. அவன் தன்னுடையதை எடுக்கிறான். கலந்ததெல்லாம் அவனுடையது. ஆக, இருப்பதை முழுக்க வடித்து, அலசி, அத்தனையையும் கொண்டுவந்து அவன் காலடியில் வைக்கவேண்டும். பட்டறையிலிருந்து நாங்கள் கொண்டுவந்திருந்த ஆயிலை ஊற்றிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி, ஊர்ந்தபடி மேடு ஏறினோம்.

மறுநாள் விடிந்ததும் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஹோஸைக் கழற்றினேன். சிவப்பும் கறுப்புமாக வாளியில் இறங்கியது. புது ஆயில் விட்டு ஒரு முறை அலசினேன். குறைந்தது இன்னும் இரண்டு அலசல் வேண்டும். எலியாசர் மூச்சிரைக்க ஓடிவந்தான். நான் யாரைத் திருடன் என்றேனோ, அதே எலியாசர்.

"அண்ணிக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. இப்பவே கெளம்பணும்."

இன்னும் முழுக்க அலசவில்லை, உள்ளே அவனுடையது மிச்சம் இருக்கும் என்றேன். எவ்வளவு என்று பக்கத்தில் நின்ற உலிசெஸ் கேட்டான். ஒரு கரண்டி இருக்கும் என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான், ஹோஸை மாட்டுங்கள் என்றான். மாட்டினேன். நிரப்பினேன். வடித்த ஆயில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். வழியில் யஸ்னாவை ஏற்றிப் படுக்கவைத்தோம், எலியாசர் அண்ணியின் தலையைத் தாங்கிக்கொண்டான்.

வளைவு வந்தது. உலிசெஸ் இந்த முறை நீளமாக ஹாரன் அடித்தான்.

ஸ்டீயரிங் நின்றுவிட்டது.

பம்ப் முனகவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஆயில் இருந்தது. சக்கரம் மட்டும் திரும்பவில்லை, யாரோ மறுபுறம் இறுக்கிப் பிடித்திருப்பதுபோல். உலிசெஸ் இரண்டு கையாலும் தொங்கினான். பிரேக்கை மிதித்தான். பஸ் தரையைத் தேய்த்துக்கொண்டு போய், அனிமித்தாவின் கூரையில் பம்பர் உரசி நின்றது. அதற்கு அப்பால் பனிதான், தரை இல்லை.

யஸ்னா கத்தினாள். இனி ஆஸ்பத்திரி வரை தாங்காது என்று அவளே சொன்னாள். எலியாசர் சட்டையைக் கழற்றி விரித்தான். எனக்கு ஹோஸ்தான் தெரியும், பிள்ளைப்பேறு தெரியாது. ஆனாலும் அவள் சொன்னதையெல்லாம் செய்தோம். பயத்தில் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாட்டில்களுக்கு நடுவில் வைத்துவிட்டு மண்டியிட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ, நொல்பெர்த்தோ. அவங்கள விட்டுரு."

குழந்தை அழுதது.

அந்த நொடியில் ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்சக்கரங்கள் மெதுவாக, தாமாக, பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டன.

அதன்பிறகு அந்த வண்டியில் ஒரு சொட்டு குறையவில்லை. எலியாசரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவன் சிரித்துவிட்டுப் போனான். ஊரே நிம்மதியாகிவிட்டது. நான் ஆகவில்லை. அந்த ஒரு கரண்டியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு கணக்காகத் தன்னுடையதை எடுத்தவன், அதை மட்டும் எப்படி விட்டான்? ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்தேன். பளபளவென்று சுத்தமாக இருந்தது, புது ஆயிலைத் தவிர வேறு எதுவும் இல்லை. சரி, எடுத்துக்கொண்டுவிட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை யஸ்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவகாடோ தடவிய ரொட்டியும் தேநீரும் வைத்தேன். நல்ல பிள்ளை, அழுவதில்லை. இறக்கத்தில் போகும்போதுதான் வேடிக்கை என்றாள் அவள். நொல்பெர்த்தோவின் வளைவில் மட்டும் தூக்கத்திலேயே இரண்டு கையையும் தூக்கி எதையோ பிடித்துத் திருப்புகிறானாம்.

நான் விரலை நீட்டினேன். பிள்ளை இறுக்கிப் பிடித்தது. விடுவித்துக்கொண்டபோது விரல் பிசுபிசுத்தது. சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். எரிந்த எண்ணெய்.

"துணியெல்லாம் இப்படித்தான் ஆகுதுண்ணே," என்றாள் யஸ்னா. "எங்கருந்து வருதுன்னே தெரியல. நீங்களாவது சொல்லுங்க."

ஒழுகும் இடத்தைத் தேடுவதுதான் என் பிழைப்பு. அந்தச் சின்ன உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என் கை அழுக்கும்மா," என்றேன். "பட்டறைக் கை."

அவள் நம்பினாள். அன்று காலையிலிருந்து நான் எந்த வண்டியையும் தொட்டிருக்கவில்லை.