நிரம்பிய தாங்கியைத் தொடாத கள்ளன்

காலை ஆறே கால். முரசுமோட்டையில் ஏரம்பரின் வீட்டுப் படலைக்கு வெளியே அவருடைய பழைய ஏ40 கார் புகை கக்கிக்கொண்டு நின்றது. ஏரம்பர் முன் இருக்கையில் ஏறினார். வேட்டியை ஒதுக்கிக்கொள்ளவும் மறந்து, ஸ்ரியரிங்குக்கு அருகே இருந்த எண்ணெய் முள்ளைப் பார்த்தார்.

அரை.

"நிப்பாட்டடா எஞ்சினை!"

சாரதி யோசெப் நிறுத்தினான். எஞ்சின் இருமி அடங்கியது.

"நேற்றுப் பின்னேரம் இந்த முள் முக்காலிலை நிண்டது. என்ரை கண்ணாலை பாத்தனான். விடிய அரையிலை நிக்குது. பன்னிரண்டு போத்தல் எண்ணெய் எங்கை யோசெப்பு?"

"நான் தொடேல்லை முதலாளி."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னனி. மத்தியானம் முல்லைத்தீவுப் பக்கம் உழவு மெசின் ஒண்டு போகுது. பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு அதிலை ஏறு."

1994ஆம் ஆண்டு. பொருளாதாரத் தடையால் பெற்றோலை மருந்துபோல மூடியால் அளந்த காலம். வன்னியில் ஓடிய கார்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. பழைய சேலைன் போத்தல் ஒன்றைக் கட்டித் தூக்கி, அதிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட வேண்டும். அதைக் குடித்து எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடலாம். ஏரம்பரின் காருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பற்றரி கிழடாகிவிட்டது. முள்ளை அசைக்க அதற்குப் பலம் போதும். எஞ்சினைச் சுற்றப் போதாது. ஆகவே குண்டுவீச்சுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டிய மண்ணைப் பின்வளவில் குவித்து, அடித்து இறுக்கி, சரிவாக ஒரு மேடு போட்டிருந்தார். மாலையில் யோசெப் காரைப் பின்கியரில் அதில் ஏற்றிச் சக்கரங்களுக்குக் கல் வைப்பான். காலையில் கல்லை எடுத்தால் கார் தானே உருளும். கியரைப் போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஊரில் பலரும் வந்து பார்த்து மெச்சிய ஏற்பாடு அது.

மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. அதனால் பயணத்துக்கு முதல் நாள்தான் ஏரம்பர் எண்ணெய் ஊற்றுவார். கார் மேடேறியதும் தாங்கியின் மூடியைப் பூட்டி, முள்ளைப் பார்த்து, மூடிக்கும் காருக்குமான இரண்டு திறப்புகளையும் இடுப்பில் செருகிக்கொள்வார். விடிந்ததும் காரின் திறப்பை மட்டும் யோசெப்பிடம் கொடுத்துவிட்டு, படலையில் நின்று ஏறிக்கொள்வார்.

யோசெப் 1990இல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவன். முன்பு மீன் லொறி ஓட்டியவன். இரண்டு வருடமாக ஏரம்பரின் வளவுக் கொட்டிலில் மனைவி மதலேனாவோடு குடியிருந்தான். சென்ற வாரம் எண்ணெய் குறைந்தபோது ஏரம்பர் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சத்தமாகவே சொல்லியிருந்தார்: "என்ரை வளவுக்கை ஒரு கள்ளன் இருக்கிறான்." அன்றிலிருந்து அந்தக் கடையில் யாரும் யோசெப்புக்கு அருகே அமர்வதில்லை. கள்ளன் என்ற பெயரோடு போனால் வேறு எந்த முதலாளி அவனிடம் திறப்பைக் கொடுப்பான்?

ஆறரை மணிக்கு, அந்தக் காரை வாடகைக்குப் பேசியிருந்த ராஜரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். புளியங்குளத்தில் ஒரு கலியாணவீட்டுக்குப் போகப் பட்டு வேட்டி கட்டியிருந்தார். சண்டைக்கு முன் காலத்தில் ஒரு காப்புறுதிக் கொம்பனிக்காக மோதுண்ட வாகனங்களைப் பார்த்து, சொந்தக்காரர் சொல்வது உண்மையா பொய்யா என்று அறிக்கை எழுதியவர் அவர். இப்போது காப்புறுதியும் இல்லை, கொம்பனியும் இல்லை. பொய்யை மோப்பம் பிடிக்கும் மூக்கு மட்டும் மிச்சமிருந்தது.

நடந்ததைக் கேட்டார்.

"ஏரம்பு அண்ணை, கள்ளன் ஓட்டுற காரிலை நான் ஏறமாட்டன். கள்ளனில்லாதவனைக் கள்ளனெண்டு சொல்லுற ஆளின்ரை காரிலையும் ஏறமாட்டன். எது எண்டு பாத்துட்டுப் போவம்."

"கலியாணம் முடிஞ்சிடுமப்பா!"

"தாலி கட்ட மாப்பிள்ளை இருக்கிறார். நான் சாப்பிடத்தானே போறன்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். தாங்கியின் அடியில் எண்ணெயை வடிக்கும் ஆணி ஒன்று உண்டு. அதன்மேல் பழைய சேறு காய்ந்து வெடித்திருந்தது. சிலந்தி வலை கட்டியிருந்தது. குழாய் இணைப்புகளில் ஸ்பானர் பட்ட கீறல் எதுவும் இல்லை. வெளியே வந்து மூடியைப் பார்த்தார்.

"இந்தப் பூட்டின்ரை திறப்பு?"

"என்ரை இடுப்பிலை. நித்திரையிலையும்."

"அப்ப கள்ளன் எந்த வழியாலை எடுத்தவன்?"

"அதை அவனைக் கேளும்!"

"குச்சி விட்டு அளந்து பாக்கிறேல்லையே?"

"வாய்க்குழாய் வளைஞ்சது. குச்சி அடிவரைக்கும் போகாது. முள்ளுத்தான் சாட்சி."

"சாட்சி பொய் சொல்லலாம் அண்ணை."

"பரந்தன் கராஜிலை காட்டினனான். முள்ளிலை ஒரு பிழையும் இல்லையாம்."

ராஜரத்தினத்துக்கு இன்னொருவர் சொன்னது போதாது. தானே சோதித்தார். இந்த முள்ளின் வேலை எளிமையானது. தாங்கிக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கிறது. எண்ணெயோடு அது எழும்பும், தாழும். அதற்கேற்ப மின்சாரத்துக்கு இருக்கும் தடை கூடும், குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் முன்னால் இருக்கும் முள் காட்டுகிறது. அவர் காரின் திறப்பைத் திருகச் சொல்லிவிட்டு, தாங்கியிலிருந்து வரும் வயரைக் கழற்றினார். முள் நிரம்பிய பக்கம் ஓடியது. வயரைக் காரின் இரும்பில் தொட்டார். முள் வெறுமைப் பக்கம் விழுந்தது. இந்த வகை முள்ளுக்கு இரண்டும் சரியான விடைகள். வயரை மாட்டினார். முள் மறுபடி அரையில் வந்து நின்றது.

"கராஜ்காரன் சொன்னது சரி. முள் நல்ல முள்."

கொட்டில் வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மதலேனா நிமிர்ந்தாள். "அப்ப என்ரை மனுசன் கெட்டவனோ ஐயா?"

"நான் இன்னும் அறிக்கை எழுதேல்லைப் பிள்ளை." அவர் ஏரம்பரிடம் திரும்பினார். "எத்தினைதரம் களவு போனது?"

"ரெண்டுதரம். போன கிழமையும் இண்டைக்கும்."

"ரெண்டுதரமும் முக்கால் அரையாகினது?"

"ஓம். ஒரே அளவு."

"அதுக்கு முன்னம் எங்கை ஓடினது?"

"வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு. அண்டைக்குக் குறையேல்லை."

ஏரம்பரின் மனைவி இராசமலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "அண்டைக்குத் தாங்கி முட்ட ஊத்தினவர். முள் நிரம்பின இடத்திலை நிண்டது. விடியவும் அதே இடத்திலைதான் நிண்டது."

"அம்மாளுக்குப் பயந்திருப்பான்," என்றார் ஏரம்பர்.

"எங்களுக்கும் அம்மாளிலை பயம் இருக்கு முதலாளி. மாதாவிலையும் இருக்கு," என்றான் யோசெப். "ஆனா களவெடுக்காததுக்குக் காரணம் அது இல்லை. நான் கள்ளனில்லை."

ராஜரத்தினம் தேத்தண்ணியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"அக்கா, திரும்பச் சொல்லுங்கோ. தாங்கி முட்ட இருந்த அண்டைக்குக் கள்ளன் வரேல்லை?"

"வரேல்லை."

"முக்கால் எண்டு முள் காட்டின நாளுகளிலை மட்டும் வந்தவன்?"

"ஓம்."

"விசர்க் கள்ளன்! நிரம்பின தாங்கியிலை ரெண்டு போத்தல் எடுத்தா ஆருக்கும் தெரியாது. அண்டைக்கு விட்டிட்டு, குறைய இருக்கிற நாள் பாத்துப் பன்னிரண்டு போத்தல் எடுக்கிறான். அளவும் பிசகாமல் எடுக்கிறான்." கோப்பையை வைத்தார். "அண்ணை, உந்த மண்மேடு எப்ப போட்டது?"

"சித்திரையிலை. ஏன்?"

"சித்திரைக்கு முன்னம் யோசெப்பு இஞ்சைதானே இருந்தவர்? களவு போனதோ?"

ஏரம்பர் யோசித்தார். "...இல்லை."

"நேற்றுப் பின்னேரம் முள்ளைப் பாக்கேக்கை கார் எங்கை நிண்டது?"

"மேட்டிலை."

"விடியப் பாக்கேக்கை?"

"இஞ்சை. படலையிலை. உதென்ன கேள்வி?"

ராஜரத்தினம் சிரித்தார். "காரின்ரை திறப்பு திருகினபடி இருக்கட்டும், நீங்கள் முன்சீற்றிலை ஏறுங்கோ. ஸ்ரியரிங்கை யோசெப்பு பிடிக்கட்டும். நீங்கள் முள்ளை மட்டும் பாருங்கோ. பாத்ததைச் சத்தமாய்ச் சொல்லுங்கோ. மற்றவை வந்து தள்ளுங்கோ!"

வேலியில் நின்று வேடிக்கை பார்த்த நாலைந்து பேரும் வந்தார்கள். மதலேனாவும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தோள் கொடுத்தாள். கார் பின்பக்கமாக வளவுக்குள் நகர்ந்தது.

"அரை," என்றார் ஏரம்பர். "அரை. அரைதான்."

பின்சக்கரம் மேட்டில் ஏறியது.

"அரைக்கு மேலை... நில்லுங்கோ... ஏறுது... ஏறுதப்பா!"

முன்சக்கரமும் மேட்டின் சரிவில் ஏறியது. இராசமலர் கல்லை வைத்தாள்.

"முக்கால்!" ஏரம்பர் கத்தினார். "ஆரப்பா எண்ணெய் ஊத்தினது?"

"கள்ளன் திருப்பித் தந்திட்டான்," என்றார் ராஜரத்தினம். "கல்லை எடுங்கோ. திரும்பவும் களவெடுக்கட்டும்."

கார் உருண்டது. படலையில் முள் அரைக்கு இறங்கியது. வேலியோரம் சிரிப்பு வெடித்தது. மறுபடி தள்ளச் சொல்லி ஏரம்பரே கேட்டார். மறுபடியும் மேட்டில் முக்கால், படலையில் அரை. ஒரு சொட்டு எண்ணெயும் கூடவில்லை, குறையவுமில்லை.

ராஜரத்தினம் இரண்டு போத்தல்கள் கேட்டார். ஒன்றில் முட்டத் தண்ணீர், மற்றதில் அரைப்பங்கு. இரண்டையும் மூடி, படுக்கவைத்துப் பிடித்தார்.

"இது தாங்கி. மிதவை இருக்கிறது உள்ளுக்கை முன்பக்கமாய். கார் மேட்டிலை நிக்கேக்கை மூக்குக் கீழை, முதுகு மேலை." அரைப்போத்தலைச் சரித்தார். தண்ணீர் தாழ்ந்த முனைக்கு ஓடி அங்கே உயர்ந்தது. "எண்ணெய் முழுக்க முன்னுக்கு ஓடுது. மிதவை மேலை எழும்புது. முள் முக்கால் எண்டுது. மட்டமான நிலத்துக்கு வந்தா எண்ணெய் பரவுது, மிதவை இறங்குது. இருந்ததே அரைதான்."

"வள்ளத்துக்கை நிக்கிற தண்ணி முன்பக்க அணியம் தாழ்ந்தா அங்கை ஓடுறமாதிரி!" என்றாள் மதலேனா.

"அதே பிள்ளை! நூற்றுக்கு நூறு." அவர் நிரம்பிய போத்தலைச் சரித்தார். தண்ணீர் அசையவில்லை. "பொங்கலண்டு தாங்கி முட்ட இருந்தது. ஓட இடமில்லை. மேட்டிலும் நிரம்பினது, றோட்டிலும் நிரம்பினது. அதுதான் அண்டைக்குக் கள்ளன் வரேல்லை. முள் பழுதெண்டால் அது அண்டைக்கும் ஏதாவது ஏறுமாறாய்க் காட்டியிருக்கும். கராஜிலை பிழை தெரியாததும் இதாலைதான். அங்கை நிலம் மட்டம்."

ராஜரத்தினம் பட்டு வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"என்ரை அறிக்கை இதுதான். களவு நடக்கேல்லை. முள் ரெண்டு இடத்திலையும் தன்ரை மிதவை நிண்ட உயரத்தைச் சரியாய்ச் சொன்னது. குற்றவாளி உந்த மேடு. அதைப் போட்ட ஆள் நீங்கள், அண்ணை."

ஏரம்பர் காரை விட்டு இறங்கி, யோசெப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"யோசெப்பு... பிழை விட்டிட்டன். பெட்டியை அவிழ்க்கச் சொல்லு."

"அவிழ்க்கலாம் முதலாளி. ஆனா நீங்கள் கள்ளனெண்டு சொன்னது இஞ்சை இல்லை. சந்திக் கடையிலை."

"அங்கையும் சொல்லுறன்."

"இண்டைக்கே?"

"இப்பவே. வா."

யோசெப் பெற்றோல் துளிகளை விட்டான். நாலு பேர் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது. பின் இருக்கையில் ராஜரத்தினம் கலியாணச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு சாய்ந்தார். யாரும் அழைக்காமலே இராசமலர் மதலேனாவையும் இழுத்துக்கொண்டு ஏறினாள். "நாங்களும் கேக்க வேணும்."

சந்தியில் கார் நின்றது. தேத்தண்ணிக் கடையின் வாங்குப் பலகைகளில் காலைக் கூட்டம். ஏரம்பர் கதவைத் திறந்து, மிதிபலகையில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்கோ! யோசெப்பு ஒரு சொட்டு எண்ணெயும் எடுக்கேல்லை. நான்தான் கண்ணிருந்தும் குருடன். அவன் நேர்மையானவன்!"

வாங்குகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து, தனக்கருகே இருந்த இடத்தைத் துவாயால் தட்டிவிட்டு, யோசெப்பைக் கையசைத்து அழைத்தார்.

யோசெப் இறங்கவில்லை. ஸ்ரியரிங்கில் கை வைத்தபடி, ஹோனை நீளமாக ஒருமுறை அடித்தான். கடையின் உட்பக்கத்திலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"முதலாளி, இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றான். "உள்ளுக்கை இருந்தவைக்குக் கேட்டிருக்காது."