பின்சீட்டில் இரண்டு பேர்

காலியாக இருந்த சீட்டுக்கு வண்டி பெல்ட் கேட்டது.

டிங்... டிங்... டிங்.

மோகன்ராஜ் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டின் வலது ஓரத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு, பல்லாவரம் சந்தையில் வாங்கிய பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தாள் தமிழினி. அவனுடைய ஒரே பெண். இடது ஓரத்தில் ஒரு பை கூட இல்லை. ஆனால் ஸ்டீயரிங் பக்கத்துத் திரையில் பின்சீட்டுக்காரர்கள் இரண்டு பேர். பெல்ட் போட்ட பொம்மை பச்சை. போடாத பொம்மை சிவப்பு.

பம்மல் பர்வேஸிடம் போன வாரம் வாங்கிய வண்டி. பழசுதான், ஆனாலும் மூணு லிட்டர் எஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தலைக்கு மேலே முழுக்கக் கண்ணாடி. செம்பாக்கத்தில் நிலத்தை பிளாட் போட்டு விற்ற பங்காளிகளின் வயிறு எரியட்டும் என்றே வாங்கினான்.

பர்வேஸுக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"சொல்லுண்ணா, வண்டி சும்மா பறக்குதா?"

"ஆளே இல்லாத சீட்டுக்கு பெல்ட் கேட்டுகினு கீது. தண்ணில முழுகுன வண்டிய என் தலையில கட்டிட்டியா?"

பர்வேஸ் அவசரமாகச் சிரித்தான்.

"ஐயே, உனக்குப் போய் செய்வனா? சென்சார் பேஜார் பண்ணுது. பெல்ட்ட இழுத்து மாட்டி வுடு, கம்முனு ஆயிடும். பழைய ஓனரும் மாட்டியேதான் வெச்சிருந்தாரு."

"அப்புறம் யாரு கழட்டுனது?"

"நீதாண்ணா. எலுமிச்சம்பழம் நசுக்குன கையோட, பாப்பாவ அங்க உக்கார வெச்சு போட்டோ எடுக்கணும்னு கழட்டுனியே?"

சேலையூர் தாண்டியதும் மழை வலுத்தது. ஏசி காற்றில், பூஜைக்குக் கொளுத்திய ஊதுபத்தி வாசனைக்கு அடியிலிருந்து, வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் பாசி நாற்றமும், நனைந்து காயாத பள்ளிச் சீருடையின் புழுங்கல் வாடையும் மெல்லக் கிளம்பி வந்து அவன் பின்கழுத்தில் ஈரமாக உட்கார்ந்தன. மணி மட்டும் ஓயவில்லை.

"அப்பா, தள்ளி உக்காரச் சொல்லுப்பா."

"யாரடி?"

"ஈரமா ஒட்டுதுப்பா."

"பொரியத் தின்னுட்டு சும்மா வா. நீ வேற பயமுறுத்தாத."

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி, ஆளில்லாத ஓரமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினான். மழையில் இறங்கி, சுற்றிப் போய், இடது கதவைத் திறந்தான். தோல் சீட்டின் நடுவில் ஒரு குழி. சின்னக் குழி. தொட மனம் வரவில்லை. பெல்ட்டை இழுத்தான். வெறும் சீட்டுக்கு இவ்வளவு நீளம் வேண்டியதில்லை. ஒரு வயிற்றைச் சுற்றிக்கொண்டு வருவதுபோல் வந்தது.

க்ளிக்.

மணி நின்றது. 'பர்வேஸ் சொன்னது சரிதான்' என்று சிரிக்கக்கூடச் செய்தான். கதவைச் சாத்திவிட்டு, ஓடி வந்து ஏறி, வண்டியை எடுத்தான். என்ன நிம்மதி!

கொஞ்ச தூரம் போனதும் திரையைப் பார்த்தான். பச்சை பொம்மை ஒன்றுதான் இருந்தது.

இடது பக்கம்.

"பாப்பா?"

"ம்ம்."

இடது பக்கமிருந்துதான் வந்தது. அவள் குரல்தான். கண்ணாடியில் பார்த்தான். தமிழினிதான். அதே கவுன். அதே ரிப்பன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எப்ப... எப்ப இந்தப் பக்கம் வந்த?"

"நீதானப்பா மாட்டி விட்ட."

வலது சீட்டில் பொரி சிதறிக் கிடந்தது. வேறு யாரும் இல்லை.

பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. கை தானாக ரிவர்ஸுக்குப் போனது. பின்பக்கக் கேமரா திரையில் விரிந்தது.

மழை. சாலை. அவன் சற்றுமுன் நிறுத்திய அதே ஓரம். அங்கே ஒரு சின்ன உருவம். வெறுங்கால். ஒரு கையில் பொரிப் பொட்டலம். வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

அவனுடைய தமிழினி.

வண்டி பின்னால் நகர்ந்தது. அவன் கால் பிரேக்கில்தான் இருந்தது. முழுசாக அழுத்தியிருந்தான். எஞ்சின் உறுமியது. முதுகு சீட்டை விட்டுப் பிய்ந்து, நெஞ்சு ஸ்டீயரிங்கில் மோதியது. கதவு திறக்கவில்லை. கத்தினான். திரையில் தூரம் காட்டும் பச்சைக் கோடு அவளைத் தொட்டது. மஞ்சள் கோடு.

"இன்னும் வேகமாப்பா," என்றது பின்சீட்டுக் குரல்.

திரையில் தமிழினி அழுகையை நிறுத்தினாள். அப்பா திரும்பி வந்துவிட்டார். சிவப்புக் கோட்டுக்குள் நின்று, தூக்கிக்கொள்ளச் சொல்லி, இரண்டு கைகளையும் விரித்தாள்.