பிக்கிள்மேல் விழுந்த பழி

ஓரின் டேட்ரோவின் கோழிகள் ஆறு செத்துப்போயின. பழி பிக்கிள்மேல் விழுந்தது.

பிக்கிள் தியாவின் நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று தொங்கும். எங்கள் வெர்மான்ட் மலை ஊரில் இந்த மாதிரி வழக்கை ஊர்க்குழுவின் மூன்று பேர்தான் கேட்பார்கள். பிக்கிள்தான் கொன்றது என்று அவர்கள் சொல்லிவிட்டால், ஊசி போட்டு அதன் கதையை முடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை விசாரணை. ஊர் மன்றத்தில் எல்லார் பூட்ஸிலும் மார்ச் மாதச் சேறு. மேசைக்குப் பின்னால் ஊர்க்குழு. நடுவில், கையில் மரச்சுத்தியோடு, தலைவர்.

தலைவர் யார்? அதே ஓரின் டேட்ரோதான். கதவு உயரத்துக்கு ஆள்.

"நாய் என் கோழிங்கள கொன்னுருச்சு. முடிச்சிடலாமா? அடுப்புல பாகுக்கு மேப்பிள் மரச் சாறு கொதிக்குது" என்றார்.

தியா எழுந்தாள். பத்து வயது.

"மிஸ்டர் டேட்ரோ, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஹாக்கியில நான் கோல் போட்டுட்டு, நானே நடுவரா விசிலும் அடிச்சா ஒத்துக்குவாங்களா?"

"மாட்டிக்கிட்டியா ஓரின்!" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தியாவின் அப்பா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

டேட்ரோ சிரிக்கவில்லை. முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று தியா நினைத்தாள்.

அவர் சுத்தியைப் பக்கத்திலிருந்த குழு உறுப்பினர் லூசிலிடம் தள்ளினார். எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, தியாவுக்கு அருகில் கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு மலை எழுந்து நடந்து வந்து பக்கத்தில் அமர்ந்ததுபோல் இருந்தது தியாவுக்கு. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"கையத் தூக்கி சத்தியம் பண்ணு ஓரின்" என்றார் லூசில்.

"நாப்பது வருசமா என்னைத் தெரியும், எனக்கேவா?"

"உனக்கேதான்."

கையைத் தூக்கினார்.

"நாய் கடிச்சத நீ கண்ணால பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த மன்றத்தில் எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

டேட்ரோ தொப்பியைக் கழற்றினார். "இல்ல. கூண்டுக்கிட்ட நின்னுச்சு. அவ்ளோதான். நரியாக்கூட இருந்திருக்கலாம்."

தியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். உட்கார்ந்த பிறகும் அவர் உயரம் குறையவில்லை.

மேசையில் இருந்த இரண்டு பேரும் பேசி முடிவு சொன்னார்கள். பிக்கிள் வீட்டுக்குப் போகலாம்.

வெளியே, பிக்கிள் காலைத் தூக்கி டேட்ரோவின் லாரிச் சக்கரத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

"இத நான் கண்ணால பாத்தேன்" என்றார் டேட்ரோ.